மூன்று டம்ளர் மோர்

துலுக்கானத்தின் வலது கண் ஆவணி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்குப் போனது. மணி எனக்கு நன்றாகத் தெரியும். முதல் ஷிஃப்டுக்கு இட்லி இறக்கிவிட்டு, மோர் டிரம்மைத் திறந்து ஒரு டம்ளர் மொண்டு, கேட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமே, ஈ ஓட்றியா?" என்றேன்.

"கரண்ட்டு பூடுச்சா?" என்று கேட்டான்.

சுள்ளென்று வெயில் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டால் என்ன அர்த்தம்? அவனுடைய இடது கண்ணில் இரண்டு வருடமாகப் புரை. லாரி வந்தால் ஏதோ பெரிதாக வருகிறது, ஆள் வந்தால் ஏதோ சின்னதாக வருகிறது என்பதற்கு மேல் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை நாள் அவனைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது வலது கண்தான்.

"வலிக்குதாடா?"

"வலியெல்லாம் ஒண்ணியும் இல்ல மாமே. கறுப்புத் துணிய இழுத்து வுட்டா மாதிரி கீது. மயக்கமா வருது, அந்த மோரக் குடு."

கொடுத்தேன். தடவி வாங்கி, ஒரே மூச்சில் குடித்தான். காலி டம்ளரைப் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

நான் மனோகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கேண்டீன் சமையல். என் சாம்பாரைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் மோரைக் குறை சொன்னவன் இதுவரை கிடையாது. அந்தப் பெருமைதான் என்னை இப்படி அடித்துப் போட்டது. அதைச் சொல்லத்தான் துலுக்கானத்தின் கதையைச் சொல்கிறேன்.

அவன் அண்ணனூர்க்காரன். அவன் அப்பா அடுத்தவன் கழனியில் கூலிக்கு நாற்று நட்ட இடத்தில் இப்போது ஏழு மாடி நிற்கிறது. அதைப் பற்றி அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "சேத்துல நின்னா சேத்துப்புண்ணு, நெருப்பாண்ட நின்னா சம்பளம். எது பெட்டரு?" என்பான். இருபது வயதில் எங்கள் கம்பெனி ஃபர்னஸுக்கு முன்னால் வந்து நின்றவன், இருபத்தெட்டு வருடம் நகரவில்லை. உலை வாயைத் திறந்து, செக்கச்சிவந்த இரும்பை நீளக் குறடால் கவ்வி இழுத்து, ஹேமருக்கு அடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதே வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது அவன் சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும்.

அதற்காகத்தான் மோர். எங்கள் கம்பெனியில் ஃபர்னஸ் ஆட்களுக்கு மோர் கொடுப்பது நான் வேலைக்கு வருவதற்கு முன்பே இருக்கிற வழக்கம். நாற்பது லிட்டர் டிரம். அதற்கு நானூறு கிராம் உப்பு. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். எனக்கு முன்னால் இருந்த சமையல்காரர் சொல்லிக் கொடுத்த அளவு, ஒரு கிராம் மாற்றியதில்லை. அந்த ஷெட்டுக்குள் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அது உப்பாகவே தெரியாது, தேவாமிர்தமாக இருக்கும். ஆபீஸ் ஆள் யாராவது ஆசைப்பட்டு ஒரு வாய் வைத்தால் முகம் எட்டுக் கோணலாகும். "போய் வேர்த்துகினு வா சாரு, அப்பால குடி" என்று துலுக்கானம் நக்கல் அடிப்பான். மோர் குடிக்கிறவன் ஃபர்னஸ் ஆள், டீ குடிக்கிறவன் மற்ற ஆள். கம்பெனியில் சாதி அது ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது கண்ணில் புரை விழுந்தது. உலை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் வேறு என்னவாகும்? குறடு ஒருமுறை குறி தப்பி, பழுத்த இரும்பு பக்கத்தில் நின்றவன் காலுக்கு அருகே விழுந்தது. மறுநாளே மேனேஜர் அவனைக் கேட்டுக்கு மாற்றினார். பாதாம் மர நிழல், தகரக் கூரை, தலைக்கு மேல் ஃபேன், உட்கார நாற்காலி. சம்பளமும் குறையவில்லை. வேறு யாராவது என்றால் மொட்டை போட்டிருப்பான். துலுக்கானம் அப்படியில்லை. பத்தரை மணிக்கு எல்லோரும் மோருக்கு வந்தார்கள், அவன் வரவில்லை.

போய்க் கேட்டேன்.

"மோரு ஃபர்னஸ் ஆளுக்குத்தான மாமே. நான் இப்ப குந்திகினு கீற ஆளு" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. கேண்டீனுக்குத் திரும்பிப் போய், இருக்கிறதிலேயே பெரிய எவர்சில்வர் டம்ளரை எடுத்து விளிம்பு வரை மொண்டு, கேட்டுக்கே கொண்டுபோய் அவன் கையில் வைத்தேன். "நீ எங்க குந்தினாலும் ஃபர்னஸ் ஆளுதான். குட்றா." அவன் குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர், நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மழையானாலும் விட்டதில்லை.

போன பங்குனியில்தான் புரையை எடுத்துவிடலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் நூற்றெண்பது என்றார்கள். அதுவரை அவன் பிரஷர் பார்த்ததே இல்லை. தலைவலி என்று கூட ஒரு நாள் படுத்ததில்லை. இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, என்னென்ன சாப்பிடக்கூடாது என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, வடகம், கருவாடு, மிக்சர், சிப்ஸ் எதுவும் கூடாது. சமையலில் உப்பைப் பாதியாக்க வேண்டும். காய், பழம், கீரை, மோர் நிறையச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவன் மனைவி வேம்புலியம்மாள் குமணன்சாவடிப் பெண். ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பாதி என்று டாக்டர் சொன்னால் அவள் முழுசாகவே எடுத்துவிட்டாள். ஊறுகாய் ஜாடி குப்பைக்குப் போனது. கருவாட்டுச் சட்டி எதிர்வீட்டுக்குப் போனது. அவனுக்கு ஒரு சமையல், எங்களுக்கு ஒரு சமையல் என்று வைத்தால் அவன் மனசு கேட்காது என்று, வீட்டில் எல்லோருக்கும் அதே சோறு, அதே குழம்பு. மகள் ரோஷினி பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் ஒரு நாள் என்னிடமே அழுதாள். "மாமா, எங்கம்மா சமையல் எப்டி கீது தெரியுமா? ஜுரம் வந்தவங்களுக்கு ஆக்குனா மாதிரி கீது." உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையை மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் மூன்று மாதம் தின்றார்கள்.

ஆனியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பெட்டி படுக்கையோடு போனார்கள். பிரஷர் நூற்றெண்பத்தாறு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைக் கூட்டினார்கள். ஆடியில் மறுபடி போனார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அன்று சாயங்காலம் வேம்புலியம்மாள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, ஊட்டுல உப்பே கிடையாது. மாத்திரைய நானே கையில குடுத்து, முழுங்கறவரைக்கும் பாத்துகினு நிக்கறேன். அப்புறம் எப்டிண்ணா ஏறுது? அங்க இன்னாத்தையோ வாங்கித் துன்றாரு. எனக்குத் தெரியாம துன்றாரு. நீதான் கூடவே இருந்து பாத்துச் சொல்லணும்."

"இத்த என்னாண்ட வுட்டுடு தங்கச்சி. கையும் களவுமா புடிக்கறேன்" என்றேன்.

ஐயோ, என்ன வாய் அது.

அன்றிலிருந்து நான் துப்பறிய ஆரம்பித்தேன். அவன் டிபன் பாக்ஸைத் திறந்து ருசி பார்த்தேன். அந்தச் சோற்றை விழுங்கவே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் பையைத் துழாவினேன். யாரோ கொடுத்த காரக்கடலைப் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது, அதையும் எடுத்து எறிந்தேன். கம்பெனிக்கு எதிரே பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் கெங்கம்மாளிடம் போய், "அவனுக்கு ஒரு பஜ்ஜி குடுத்தன்னு தெரிஞ்சிது, அடுப்புல தண்ணி ஊத்திடுவேன்" என்று மிரட்டினேன். அவள் கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அந்த மனுசன் என் கடப் பக்கம் வந்து நாலு மாசம் ஆவுது. நீதான் டெய்லி மூணு துன்ற. மொதல்ல உன் கணக்கப் பாரு."

வந்த வழியே திரும்பினேன். கூடவே இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

ஆடியில் அவர்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நானும் போனேன், சாமிக்காக அல்ல, வேவு பார்க்க. தெருவே கருவாட்டுக் குழம்பு வாசனையில் மிதந்தது. துலுக்கானத்துக்குக் கருவாடு என்றால் உயிர். ஒரு கிழவி இலையில் வைத்துக் கொடுத்ததை வாங்கி, மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து ஆள் இலைக்குத் தள்ளிவிட்டான். என் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்டவனுக்குப் பிரஷர் எப்படி ஏறும்? எனக்கும் புரியவில்லை, ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. களவாணிப் பயல், என்னைப் பார்த்ததும் நடிக்கிறான் என்று நினைத்தேன்.

தினமும் சாயங்காலம் வேம்புலியம்மாளுக்கு ரிப்போர்ட் கொடுப்பேன். "இன்னிக்கும் ஒண்ணியும் துன்னல தங்கச்சி. நீ குடுத்த சோறு, ரெண்டு வாழப்பழம், மோரு. அவ்ளோதான்."

"மோரு நல்லதுண்ணா. டாக்டரே சொல்லிகிறாரு. இன்னொரு டம்ளர் கூட குடு, சூடு தணியும்."

அவள் சொன்ன பிறகு இரண்டு டம்ளரை மூன்றாக்கினேன். மூன்றாவது டம்ளர் நான்கு மணிக்கு.

ஆவணிச் செவ்வாய்க்கிழமை நான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனபோது ஆஸ்பத்திரியில் பிரஷர் இருநூற்றுப் பதினாறு. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, பின்னால் இருக்கிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. புரை விழுந்த கண்ணையாவது காப்பாற்ற வேண்டும், அதற்கும் இந்தப் பிரஷர் இறங்கியாக வேண்டும். இப்படியே இருந்தால் அடுத்தது மூளைக்குப் போகும். இவ்வளவையும் அவர் கொஞ்சமும் சத்தம் கூட்டாமல் சொன்னார்.

"உப்பு சாப்பிடுறாரா?" என்று கேட்டார்.

என் போனைக் கேட்டு ஓடி வந்திருந்த வேம்புலியம்மாள் என்னைத்தான் பார்த்தாள். நான் துலுக்கானத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னாத்தடா துன்ன? இப்பவாவது சொல்றா. கண்ணு பூடுச்சுடா உனுக்கு."

அவன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "மாங்காட்டம்மன் சத்தியமா ஒண்ணியும் துன்னல மாமே" என்றான்.

நான் நம்பவில்லை. இருபத்தாறு வருடம் பழகியவன், பார்வை போய்ப் படுத்திருக்கிறான், சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் செய்கிறான், நான் நம்பவில்லை. "பொய் சொல்லாத" என்று வேறு சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இந்தச் சமாசாரம் கம்பெனியில் பரவியதும் மேனேஜர் பயந்துபோனார். எல்லோருக்கும் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தார். வெள்ளிக்கிழமை சபீனா என்று ஒரு நர்ஸ் வந்தார், முப்பது வயதிருக்கும். கேண்டீனிலேயே மேஜை போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணி வரைக்கும் இருபது பேருக்குப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெயில் கொளுத்தியது. விருந்தாளியைச் சும்மா விடலாமா? ஒரு டம்ளர் மோர் மொண்டு வைத்தேன்.

ஒரு வாய் குடித்தார். அப்படியே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னண்ணா இது, இவ்வளவு கரிக்குது?"

"அது ஃபர்னஸ் மோரும்மா. நாப்பது லிட்டருக்கு நானூறு கிராம். உலையாண்ட நிக்கறவனுக்கு இது இல்லாம ஆவாது" என்று பெருமையோடு சொன்னேன்.

"அவங்களுக்கே இது ரொம்ப அதிகம். வேற யார் யார் குடிக்கிறாங்க?"

"வேற யாரும் குடிக்க மாட்டாங்கம்மா. ஃபர்னஸ் ஆளுங்க பன்னெண்டு பேரு. அப்புறம் நம்ம துலுக்கானம்."

பெயரைச் சொல்லி முடித்தபோது கூட எனக்கு உறைக்கவில்லை. சபீனாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"கேட்ல இருந்தார்னு சொன்னாங்களே, கண் போனவர், அவரா? அவர் எவ்வளவு குடிப்பார்?"

"மூணு டம்ளர்."

"இந்த டம்ளரா?"

"ஆமாம்மா."

சபீனா எழுந்து அடுப்படிக்கே வந்தார். ஒரு டீஸ்பூனும் உப்பு டப்பாவும் கேட்டார். மேஜையில் கிடந்த பேப்பரை விரித்தார். மூன்று டம்ளர் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர், நாற்பது லிட்டருக்கு நானூறு என்றால் லிட்டருக்குப் பத்து கிராம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, தலைதட்டி ஒரு ஸ்பூன், அதாவது ஐந்து கிராம், உப்பைப் பேப்பரில் கொட்டினார்.

"ஒரு ஆள் ஒரு நாளைக்கு, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும், எல்லாச் சாப்பாட்டையும் சேர்த்து இவ்வளவுதான் சாப்பிடலாம்."

பக்கத்தில் இன்னொரு ஸ்பூனும் கொட்டினார். இரண்டும் சேர்ந்து ஒரு சின்னக் குவியல் ஆனது.

"நீங்க மோர்ல மட்டும் அவருக்குக் குடுத்தது இவ்வளவு. உலைக்கிட்ட நின்னப்போ பாதி வேர்வையில போயிருக்கும். ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிறவருக்கு எங்க போகும்? உப்பு தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தக் குழாயில அழுத்தம் ஏறும். மாத்திரை ஒரு பக்கம் இறக்கியிருக்கும், இது மறு பக்கம் ஏத்தியிருக்கும்."

"மோரு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரும்மா" என்றேன்.

"மோர் நல்லதுதான். உப்புப் போடாத மோர்."

நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு ஸ்பூன். வேம்புலியம்மாள் வீட்டில் ஒரு சிட்டிகை உப்பைக் கூடச் சேர்க்கவில்லை. ரோஷினி வாய் செத்துப்போய் வேலைக்குப் போனாள். அவன் கருவாட்டை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினான். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க மிச்சம் பிடித்ததை நான் ஒற்றை ஆளாக, காலையில், மத்தியானம், நான்கு மணிக்கு என்று வேளை தவறாமல் அவன் வயிற்றில் ஊற்றியிருக்கிறேன். பஜ்ஜிக் கடையில் தேடினேன், பையில் தேடினேன், கூழ்ப் பந்தலில் தேடினேன். என் கையில் இருந்த டம்ளரை நான் பார்க்கவே இல்லை. கண் போன அந்த நிமிஷத்திலும் அவனுக்கு அதைத்தான் கொடுத்தேன்.

சபீனா எனக்கும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்றெழுபது. தினம் டிரம்மை ருசி பார்க்கிறவனுக்கு வேறென்ன இருக்கும்?

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்க, சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன், பொய் சொல்வானேன். நாளையிலிருந்து மோரை நிறுத்திவிட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவன் சத்தியம் செய்ததும் நான் பொய் சொல்லாதே என்றதும் திரும்பத் திரும்ப வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நானூறு கிராம், மூன்று டம்ளர், இரண்டு ஸ்பூன். சொல்லும்போது கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் குரலை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். முகம் அவனுக்குத் தெரியாதே என்று ஒரு தைரியம்.

துலுக்கானம் கூரையைப் பார்த்தபடியே கிடந்தான்.

வேம்புலியம்மாள்தான் பேசினாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு மாசம் எங்க வாயக் கட்டுனேன். நீ அங்க நின்னுகினு ஊத்திகினு இருந்த" என்றாள். அப்புறம், "நான்தான இன்னொரு டம்ளர் குடுன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்" என்றாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. நான் போன் செய்தால் ரோஷினி எடுத்து, "பிரஷர் நூத்தி அறுவது மாமா", "நூத்தி அம்பது மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பாள்.

ஆமாம், இறங்கியது. அதே மாத்திரைதான், அதே சமையல்தான். மோர் மட்டும்தான் இல்லை. ஆறு வாரத்தில் நூற்று நாற்பதுக்கு வந்தது. ரோஷினி எண்ணைச் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவை அது இறங்கும்போதும், அதை ஏற்றியது நான்தான் என்று ஊர்ஜிதமாகிக்கொண்டே வந்தது. வலது கண்ணுக்கு ஊசி போட்டும் பிரயோஜனமில்லை, அது போனது போனதுதான். ஐப்பசியில் இடது கண்ணுக்குக் கத்தி வைத்தார்கள்.

கேண்டீனில் இப்போது இரண்டு டிரம். சிவப்பு மூடி போட்டதில் ஃபர்னஸ் ஆட்களுக்கு, சபீனா சொன்ன அளவில், கொஞ்சம் உப்புப் போட்ட மோர். நீல மூடி போட்டதில் உப்பே கிடையாது. இஞ்சியும் கறிவேப்பிலையும் எலுமிச்சைச் சாறும் மட்டும். இதை ரோஷினியிடம் போனிலும் சொல்லிவைத்தேன். முதல் வாரம் ஃபர்னஸ் ஆட்கள் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். நீல மூடி மோர் ஆபீஸ் ஆட்களுக்கு என்று கம்பெனியில் பேச்சாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயம். துலுக்கானம் திரும்பி வந்தால் நீல மூடியைத் தொடுவானா? ஃபர்னஸ் ஆள் இல்லை என்று சொல்லாமல் சொல்வது போல ஆகாதா? அதற்காகத்தானே எல்லாக் கூத்தும் ஆரம்பித்தது.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் வந்தான். கறுப்புக் கண்ணாடி. ரோஷினி கையைப் பிடித்துக்கொண்டு வர, கேட்டுக்குள் நுழைந்ததும் அவள் கையை விட்டுவிட்டான். தானே நடந்து கேண்டீனுக்கு வந்தான். ஃபர்னஸ் ஆட்கள் மோருக்கு நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமே" என்று கூப்பிட்டான். "அந்தப் பெரிய டம்ளர எடு."

எடுத்தேன். கை எந்த டிரம் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது.

"நீல மூடி" என்றான், எல்லோர் காதிலும் விழும்படி.

மொண்டு கொடுத்தேன். நின்றபடியே, ஒரே மூச்சில், முழுசாகக் குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பித் தந்தான். நான் பழைய தைரியத்தில் முகத்தை மறைக்காமல் நின்றுகொண்டிருந்தேன், சத்தம் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

துலுக்கானம் கண்ணாடியைக் கழற்றினான். இருக்கிற ஒற்றைக் கண்ணால் என்னைக் கிட்டத்தில் வந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரிலயும் இப்டித்தான் அழுதுகினு இருந்தியா?" என்றான். "தொடச்சிக்கோடா. இப்ப எனுக்குத் தெரியுது."